மூன்று கல் அடுப்பு

கோடை விடுமுறையில் மலையேறச் செல்வோர், வழியில் ஓர் ஓடையைக் கண்டதும் மூன்று கல் கூட்டிச் சுள்ளி பொறுக்கித் தேநீர் காய்ச்சுவது வழக்கம். கண்டி மாவட்டத்து லூல்கந்துர மலையில் நாமும் அவ்வாறே செய்தோம். உயரம் கூடுந்தோறும் காற்றின் அழுத்தம் குறைவதால், ஏறத்தாழ 1000 அடிக்கு ஒரு பாகையாக நீரின் கொதிநிலை தாழ்கிறது. ஆகவே மலையிலே தேயிலையைச் சற்று நேரம் கூடுதலாக ஊறவிடல் வேண்டும். அவ்வேளையில் நம் சிந்தனை அம்மண்ணின் வரலாற்றிற் சென்றது.

1867 இல் ஸ்கொத்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெயிலர் இம்மலையிலேதான் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். வர்த்தக நோக்கோடு இலங்கையில் எழுந்த முதல் தேயிலைத் தோட்டம் அது. 1869 இல் தோன்றிய இலைநோய் காலப்போக்கிற் கோப்பித் தோட்டங்களை அழிக்கவே, ஏனைய துரைமாரும் தேயிலையை நாடினர். டெயிலரின் முதலாவது தொழிற்சாலை அவரது பங்களா விறாந்தையே. ஆங்கே மேசைமீது கொழுந்தைக் கையால் உருட்டி, மண்ணடுப்பிற் கரி நெருப்பிட்டு, கம்பித் தட்டுகளில் உலர்த்தினர். நமது மூன்று கல் அடுப்புக்கு அது வெகு தொலைவன்று. டெயிலர் அமர்ந்திருந்ததாகக் கூறப்படும் கல்லாசனம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. மலையேறுவோர் அதனைத் தேடி வருகின்றனர். ஆனால், மலைநாடெங்கும் காடு வெட்டிப் பாதை சமைத்துக் கொழுந்து பறித்த மக்களின் பெயர்களை யார் அறிவர்?

அவர்களும் நடந்தே மலையேறியவர்கள்தாம். தென்னிந்தியக் கிராமங்களிலே பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணிமார் பின்னே புறப்பட்டுப் படகேறி, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே கால்நடையாக வந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பலரை வழியிலேயே மாய்த்தன. நமக்கு உல்லாசமான நடை அவர்களுக்கு உயிர்ப் போராட்டம்.

அம்மக்களின் வழித்தோன்றல்களை 1948 ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964 இன் ஒப்பந்தமோ அவர்களைக் கேளாமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் நிறைவேறியது. இவர்கள் பறித்த கொழுந்தில் உயர்ந்த தூள் கப்பலேறியது. லயத்துக் கேத்தலில் கொதித்ததோ மட்டத் தூள்.

இவற்றை எண்ணியவாறே தேநீரை அருந்தினோம். இயற்கையின் அழகை நாம் வெறுப்பவர்களல்லர். மலைக்காற்றும் சுடு தேநீரும் யாவர்க்கும் உரியன. எனினும், மலை காண வருவோர் டெயிலரின் ஆசனத்தோடு திரும்பிவிடலாகாது. அருகிலுள்ள லயங்களுக்கும் சென்று, அங்குள்ள முதியோரிடம் அவர்தம் முன்னோர் வந்த வழியைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். அவர்களது வாய்மொழியும் சேரும்போதுதான் தேயிலையின் வரலாறு முழுமை பெறும்.