மெழுகு வாங்கிக் கொடுத்த நிலம்

புது ஏரியாவுக்குக் குடிபோனால் முதல் வாரம் என்ன விசாரிப்பீர்கள்? பால் எங்கே கிடைக்கும், கேஸ் ஏஜென்ஸி எது, பிள்ளைக்கு ஸ்கூல் வேன் வருமா... இவ்வளவுதானே? 'பக்கத்துல மியூசியம் ஏதாவது இருக்கா சார்?' என்று வீட்டு ஓனரிடம் கேட்டவர் யாராவது உண்டா?

சென்னையில், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் குடிவந்திருக்கிறீர்கள் என்றால் அவசியம் கேளுங்கள். அங்கே ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு கிராமம் இருக்கிறது. ஓவியர்களும் சிற்பிகளும் தாங்களே சம்பாதித்து நிலம் வாங்கிக் குடியேறிய கிராமம். பெயர், சோழமண்டலம்.

1957-ல் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வரானார் கே.சி.எஸ்.பணிக்கர். 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் ஆரம்பித்த பழம்பெரும் பள்ளி அது. அருமையாக வரையும் பையன்கள் படித்து முடித்து வெளியே வருகிறார்கள். சரி, அப்புறம்? நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க அன்றைய மெட்ராஸில் ஆளே கிடையாது. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வேலையில் சேர்ந்தால், தூரிகை பரணுக்குப் போய்விடும்!

பணிக்கர் ஒரு வழி கண்டுபிடித்தார். வயிற்றுக்குக் கைத்தொழில், மனசுக்கு ஓவியம். இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக் கூடாது. கலைஞர்கள் சேர்ந்து ஒரு கைவினைச் சங்கம் தொடங்கினார்கள். கைகொடுத்தது பாத்திக். துணியில் சூடான மெழுகால் சித்திரம் வரைந்து சாயத்தில் முக்குவார்கள். மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. பிறகு வெந்நீரில் மெழுகை உருக்கி எடுத்தால் சித்திரம் பளிச்!

ஓவியத்தைப் பார்த்து 'இது என்னப்பா?' என்று நகர்ந்த ஜனங்கள், கண்காட்சியில் பாத்திக்கை ஆசையாக வாங்கினார்கள். அந்தப் பணத்தில்தான் நிலம் வாங்கி, 1966-ல் கிராமம் உதயமானது. சுற்றிலும் மணல், சவுக்கு, கடல்காற்று. குடியிருக்க ஓலைக் குடிசைகள்.

பி.காம். படித்தவன் என்பதால் என் கண் கணக்கு நோட்டுக்குத்தான் போகிறது. இந்தக் கிராமத்தின் முதலீடு, துணி விற்ற காசு. லாபம்? வாங்குபவர் முகத்தைப் பார்க்காமல் ஓவியம் வரையும் சுதந்திரம்! ஜாதகக் கட்டங்களையும் எழுத்துகளையும் போன்ற குறிகளை வைத்துப் பணிக்கர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை எந்த வாடிக்கையாளரும் ஆர்டர் கொடுத்து வந்ததல்ல.

எல்லோருக்கும் கணக்கு நேராகிவிடவில்லை. கனவு நகரங்களை மையால் வரைந்து தள்ளிய கே.ராமானுஜம் அங்கே வாழ்ந்தவர்தான். 1973-ல் சின்ன வயதிலேயே போய்விட்டார். கூரை கொடுக்க முடிந்த கிராமத்தால் ஆயுளைக் கொடுக்க முடியவில்லை.

பணிக்கர் 1977-ல் மறைந்தார். கிராமம் நின்றது. 2009-ல் அங்கேயே ஒரு மியூசியமும் வந்தது. 'மெட்ராஸ் இயக்கம்' என்று கலை உலகம் பெயர் சூட்டிய தலைமுறையின் படைப்புகளை அங்கே பார்க்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்வாருங்கள். அடுத்த தடவை ஏதாவது கைவினைக் கண்காட்சியில் கைப்பை ஒன்றுக்கு அடித்துப் பேரம் பேசும்போது, ஒரு நிமிஷம் யோசியுங்கள். நீங்கள் குறைக்கச் சொல்லும் ஐம்பது ரூபாயில் யாரோ ஒருவர் சாயம் வாங்கக் காத்திருக்கலாம்!