விளையாட்டை ஏட்டில் ஏற்றியவர்கள்

மன்னர் ஆண்ட ஆண்டுகளையும் அவர் அளித்த கொடைகளையும் கல்லிலும் செம்பிலும் பொறித்து வைத்த நம் முன்னோர், தம் பிள்ளைகள் தெருவில் ஆடிய ஆட்டங்களின் விதிகளைப் பொறித்து வைத்தாரல்லர். சங்கப் பாடல்களில் மகளிர் கழங்காடியதும், பந்தாடியதும், மணலில் வண்டல் இழைத்ததும் வருகின்றன. ஆயினும் எத்தனை காய் கொண்டு கழங்காடினர், காய் தவறினால் ஆட்டம் எவர் கைக்குச் சென்றது என்பனவற்றை அப்பாடல்களிலிருந்து முழுமையாக அறிதல் இயலாது. புலவர்க்கு அது நோக்கமும் அன்று.

நூல் ஓலையில் வாழும். சிற்பம் கல்லில் வாழும். விளையாட்டோ ஆடுவோர் வாயிலும் காலிலும் மட்டுமே வாழ்வது. ஒரு தலைமுறை ஆடாது விட்டால், அடுத்த தலைமுறைக்கு அதன் பெயர்கூட மிஞ்சாது. அலுவலகத்தில் கோப்பில் ஏறாத செய்தி நடவாத செய்தி என்பது நம்போன்ற எழுத்தர்கள் நாள்தோறும் காணும் உண்மை. வரலாற்றின் அலுவலகத்திலும் நடைமுறை அதுவே. ஆகவே விளையாட்டைப் பற்றி ஒருவர் நூல் எழுதவேண்டும். அதனை அச்சிட ஒரு பதிப்பகமும் துணியவேண்டும். ‘விளையாட்டுக்கு ஒரு நூலா?’ என்று உலகம் நகைத்தபோதும் அவ்வாறு துணிந்தவர் சிலரை ஈண்டுக் காண்போம்.

தமிழில் இம்முயற்சிக்குத் தக்க சான்றாக நிற்பது, திருநெல்வேலித் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம். வ. திருவரங்கம் பிள்ளையும் அவர் இளவல் வ. சுப்பையா பிள்ளையும் முன்னின்று 1920-இல் இதனைத் தோற்றுவித்தனர். 1923 முதல் ‘செந்தமிழ்ச் செல்வி’ என்னும் திங்களிதழ் வெளிவரலாயிற்று. சைவ நூல்களையும் சங்க நூல்களையும் இலக்கணங்களையும் செப்பமாகப் பதிப்பித்தது கழகம். இத்தகைய பதிப்பகத்திலிருந்து ஞா. தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ 1954-இல் வெளிவந்தது. தொல்காப்பிய உரைகளோடு கோலிக்கும் தட்டாங்கல்லுக்கும் ஒரே பதிப்பகத்தில் இடம் கிடைத்தது, தமிழ் நூற்பதிப்பு வரலாற்றில் சிறு செய்தியன்று.

பாவாணர் அப்போது சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். சொற்களின் வேரை ஆய்ந்த அதே ஒழுங்கோடு அவர் ஆட்டங்களையும் ஆய்ந்தார். இளைஞர் ஆட்டு, பெரியோர் ஆட்டு எனப் பிரித்தார். ஆண்பால், பெண்பால், இருபால் என வகுத்தார். பகலாட்டு, இரவாட்டு, இருபொழுதாட்டு எனப் பொழுதாலும் பகுத்தார். ஓர் ஆட்டத்தை விளக்குங்கால் அதன் பெயர், ஆடுவார் தொகை, ஆடுகருவி, ஆடிடம், ஆடுமுறை, தோற்றம் என்றவாறு தலைப்பிட்டு எழுதிச் சென்றார். கோலி, சில்லாங்குச்சு, சடுகுடு, தட்டாங்கல், கிச்சுக்கிச்சுத் தம்பலம், பாண்டி, நொண்டி, பண்ணாங்குழி முதலியன அந்நூலில் இடம்பெற்றன. அதனைக் கையில் வைத்துக்கொண்டு, அவ்வாட்டத்தை முன்பின் கண்டிராத குழந்தையும் ஆடத் தொடங்கலாம். வழக்கொழிந்த ஓர் ஆட்டத்தை மீண்டும் தெருவில் எழுப்பும் ஆற்றல் அவ்வொழுங்கில் உள்ளது.

இந்நூல் மும்பைத் தமிழர்க்குச் சிறப்பாக உரியது என்போம். பாவாணர் 1902-இல் பிறந்த சங்கரன்கோவில், அந்நாளைய திருநெல்வேலி மாவட்டத்து ஊர். தாராவியில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களுள் மிகப்பலவற்றின் பூர்வீகமும் அந்த நெல்லைச் சீமையே. அங்கிருந்து புறப்பட்டோர் துணிமூட்டையும் சமையற்பாத்திரமும் கொண்டுவந்தனர். ஆட்டங்களையும் நெஞ்சில் கொண்டுவந்தனர். ஆனால் மூட்டைக்கு இடம் கொடுத்த இந்நகரம், சடுகுடுவுக்குக் களம் கொடுக்கத் தயங்கியது. இருவர் எதிரெதிரே நடக்க இயலாத சந்தில் சில்லாங்குச்சு எங்ஙனம் பறக்கும்? மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கட்டட முற்றங்களைக் கார்கள் நிறைத்துக்கொண்டன.

எஞ்சிய ஆட்டங்களும் பெயர் மாறின. நம் பிள்ளைகள் சில்லாங்குச்சை ‘விட்டி தாண்டு’ என்றும், நொண்டியை ‘லங்டி’ என்றும் பள்ளித் தோழரிடம் மராத்தியில் கற்கின்றனர். இதற்கு வருந்துவதற்கு யாதுமில்லை, மகிழ்வதற்கே இடமுண்டு. மராத்தியச் சிறுமியர் எறிந்து பிடித்தாடும் ‘சாகர்கோட்டே’ என்பது நம் கழற்சிக்காயே ஆகும். அக்காய் கொண்டு ஆடும் ஆட்டம் தமிழ்நாட்டிலும் உண்டு. இரு மொழியாரின் குழந்தைகளும் ஒரே காயை எறிந்து விளையாடியுள்ளனர் என்பதை அறிய வேண்டுமாயின், இரு மொழியிலும் அவை எழுதப்பட்டிருத்தல் வேண்டும். எழுதாத பக்கத்தார்க்கு ஒப்பிடவும் ஒன்றிராது.

‘அவை பழங்கதை, இக்காலப் பிள்ளைகள் வீடியோ கேம் அல்லவா ஆடுகின்றனர்?’ என்று வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் அவ்வாட்டங்களும் சாகா வரம் பெற்றவையல்ல. 1972-இல் அமெரிக்காவில் ‘பாங்’, 1978-இல் ஜப்பானில் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, 1980-இல் ‘பேக்மேன்’ எனப் பெருகிய இக்கலை, 1983-இல் நின்டெண்டோவின் ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ வழியே ஜப்பானிய இல்லங்களுக்குள் நுழைந்தது. அதன் போலிகள் 1990-களில் நம் இல்லத் தொலைக்காட்சிகளோடும் இணைந்தன. இன்று அந்தக் கேசட்டுகள் எங்கே? கருவி பழுதானால் கேசட்டு வெறும் பிளாஸ்டிக்கே. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த வீடியோ கேம்களுள் நூற்றுக்கு 87 இன்று கடையில் விலைக்குக் கிடைப்பதில்லை என்று, அந்நாட்டின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் கண்டறிந்தது. ஐம்பதே ஆண்டு அகவையுடைய கலையின் நிலை இது!

அங்கும் மீட்க முன்வந்தோர் சிறு பதிப்பாளரே. பிரான்சில் 2007-இல் ‘பிக்ஸ் அன் லவ்’, இலண்டனில் 2012-இல் ‘ரீட் ஒன்லி மெமரி’, அமெரிக்காவில் 2013-இல் ‘பாஸ் ஃபைட் புக்ஸ்’, இங்கிலாந்தில் 2014-இல் ‘பிட்மேப் புக்ஸ்’ என்று, வீடியோ கேம்களைப் பற்றிய நூல்களுக்கென்றே தனிப் பதிப்பகங்கள் எழுந்தன. ஆட்டத்தைப் படைத்தவரை நேர்கண்டு எழுதுதல், அவர் வரைந்த படங்களைத் தொகுத்தல், ஒரே ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு முழுநூல் இயற்றுதல் என இவர்கள் பணி பலவகைத்து. இவர்களுட் சிலர் நூல் அச்சேறுமுன்னரே வாசகரிடம் இணையத்தின் வழி முன்பணம் திரட்டினர். இம்முறை நமக்குப் புதிதன்று. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே. சாமிநாதையர் ஊரூராய்க் கையொப்பம் திரட்டியே அப்பணியை நிறைவேற்றினார். பெருவணிகர் கைவிட்ட நூலைப் படிப்பவரே கைதூக்கிக் காப்பது, அங்கும் இங்கும் கண்ட நெறியாகும்.

இவ்விரு வரலாறுகளும் உணர்த்துவது ஒன்றே. களம் மறைந்தால் தெருவாட்டம் மறையும். கருவி மறைந்தால் திரையாட்டம் மறையும். இரண்டும் மறைந்தபின் எஞ்சுவது, எவரேனும் எழுதி எவரேனும் அச்சிட்ட நூலே.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திற்கு மகாராட்டிர அரசு 2004-இல் ஒப்புதல் அளித்தது. பழைய சந்துகள் மாடிக் கட்டடங்களாக மாறுவது நல்வாழ்வுக்காயின் வரவேற்போம். எனினும் அச்சந்தின் அகலத்துக்கேற்ப நம் சிறுவர் அமைத்துக்கொண்ட விதிகள், சந்தோடு சேர்ந்தே போய்விடும். 1950-களில் இளைஞராய் இங்கு வந்திறங்கியோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். அவர்தம் நினைவில் உள்ள ஆட்டங்களை எழுதிக்கொள்ள நமக்குள்ள காலம் சில ஆண்டுகளே.

இதற்குப் பெரும்பொருள் வேண்டா. பாவாணர் இட்ட தலைப்புகளை ஒரு தாளில் எழுதுக. பாட்டனார் ஆடிய ஆட்டம் ஒன்று, தந்தை ஆடியது ஒன்று, பிள்ளை இன்று கைப்பேசியில் ஆடுவது ஒன்று என மூன்றினையும் அத்தலைப்புகளின்கீழ் நிரப்புக. வினவும் பணியைப் பிள்ளைகளிடமே ஒப்படைப்பது நன்று; பாட்டியிடம் பேச அவர்கட்கு அதனினும் இனிய பொருள் வேறு கிடைத்தல் அரிது. அவ்வாறு வரும் தாள்களைத் தொகுத்து, நம் சங்கங்களுள் ஒன்று சிறுநூலாக அச்சிட முன்வருமாயின், கழகம் 1954-இல் ஆற்றிய பணியை மும்பையில் நாம் தொடர்ந்தவர் ஆவோம்.