மீட்பும் இடையில் முறியும்

தரவுத்தள வரலாறு பேசப்படும்போது, கணினி செயலிழந்தபின் தரவு எவ்வாறு மீட்கப்படுகிறது என்பதோடு உரையாடல் முடிந்துவிடுகிறது. அதைவிடக் கடினமான வினா ஒன்று உண்டு. மீட்பு நடந்துகொண்டிருக்கும்போதே கணினி மீண்டும் விழுந்தால் என்ன ஆகும்?

1970களில் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் உருவான சிஸ்டம் ஆர், நிழற்பக்க முறையைக் கையாண்டது. பழைய பக்கத்தை அழிக்காமல், மாற்றத்தை வேறிடத்தில் எழுதுவது அதன் வழி. மீட்பு முறிந்தால் நிழலுக்குத் திரும்பலாம். ஆனால் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். பக்கங்களும் வட்டில் சிதறின. மாற்றத்தை முதலில் பதிவேட்டில் குறித்துவிட்டு, பக்கத்தை அதே இடத்தில் திருத்தும் முறை இச்சிதறலைத் தவிர்த்தது. ஆனால் அதில் திரும்பிச் செல்ல நிழல் இல்லை. கணக்கில் 500 ரூபாயைக் கூட்டும் பதிவு இருமுறை இயங்கினால் 1000 ரூபாய் கூடிவிடும்.

இச்சிக்கலுக்கு முழுமையான விடை தந்தது 1992இல் வெளிவந்த ஏரீஸ் கட்டுரை. அதன் முதல் ஆசிரியர் சென்னை ஐஐடியில் பயின்ற சி. மோகன், டான் ஹேடர்லி, புரூஸ் லிண்ட்சே, ஹமீத் பிராகேஷ், பீட்டர் ஷ்வார்ஸ் ஆகியோர் உடன் ஆசிரியர்கள்.

ஒவ்வொரு பக்கமும் தன்மேல் கடைசியாக நிகழ்ந்த மாற்றத்தின் பதிவு எண்ணைத் தாங்கியிருக்கும். மீட்பின்போது அந்த எண், இயக்கப்படவேண்டிய பதிவின் எண்ணுக்குச் சமமாகவோ அதனினும் பெரிதாகவோ இருந்தால் அப்பதிவு கடந்துசெல்லப்படும். ஆகவே 500 ரூபாய் ஒருமுறையே கூடும். முறிவுக்குமுன் வட்டை அடைந்த பக்கங்களில் செய்த வேலையும் வீணாகாது.

முடிவுறாத பரிவர்த்தனைகளை நீக்குவதுதான் நுட்பமான பகுதி. நீக்கும் ஒவ்வொரு செயலுக்கும் ஓர் ஈடுசெய் பதிவு எழுதப்படுகிறது. அடுத்து நீக்கவேண்டிய பதிவு எது என்பதை அது சுட்டும். ஈடுசெய் பதிவு ஒருபோதும் நீக்கப்படுவதில்லை. எத்தனை முறை கணினி விழுந்தாலும் நீக்கியதை நீக்கி, அதையும் நீக்கும் முடிவிலாச் சங்கிலி உருவாகாது. பதிவேடும் வரம்பின்றி வளராது.

பக்க எண்ணும் ஈடுசெய் பதிவும் அதற்கு முன்பே சில அமைப்புகளில் இருந்தவை. நிகழ்ந்த அனைத்தையும், தோற்ற பரிவர்த்தனைகள் உட்பட, முதலில் மீண்டும் நிகழ்த்திவிட்டுப் பின் நீக்குவது என்ற ஒரே ஒழுங்கில் அவற்றை இணைத்ததே ஏரீஸின் பங்களிப்பு. அதற்கு அடிப்படையான எண்ணம் எளிது: மீட்பும் ஒரு சாதாரணப் பணியே, அதுவும் முறியக்கூடும். இன்று போஸ்ட்கிரெஸ் மீட்பின் நடுவிலேயே இடைநிலைப் புள்ளிகளைக் குறித்துக்கொண்டு முன்னேறுவதிலும் அந்த எண்ணத்தையே காண்கிறோம். வங்கிக் கணக்கும் பயணச்சீட்டும் நம்பகமாக இருப்பதற்குப் பின்னால், தன் தோல்வியையும் முன்கூட்டியே கணக்கில் எடுத்த இந்த வடிவமைப்பு இருக்கிறது.