அணியில் யார்? ஆசிய விளையாட்டு விழா பூப்பந்தாட்டமும் நம் ஊவா மலையும்

2023 ஒக்டோபர் 1ஆம் திகதி சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டு விழாவின் ஆண்கள் அணி பூப்பந்தாட்ட இறுதிப் போட்டி நடந்தது. முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்ற இந்தியா, அடுத்த மூன்றையும் இழந்து 2-3 என்று சீனாவிடம் தோற்றது. மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள்: "முன்னுக்கு நின்றவங்க எப்படி சேர் தோத்தாங்க?" கால் மணி நேரத்தில் வகுப்பில் சொல்ல முடியாததை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம். பொறுமையோடு வாசியுங்கள்.

அணிப் போட்டியில் ஐந்து ஆட்டங்கள். மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர். மூன்றை வெல்லும் நாடு ஜெயிக்கும். அன்று இந்தியாவின் பிரணோய் முதுகு வலியால் களமிறங்கவில்லை. லக்ஷ்ய சென்னும், சாத்விக்-சிராக் சோடியும் வென்று கொடுத்தார்கள். பிறகு வந்த மூன்று ஆட்டங்களுக்கும் சீனாவிடம் ஆள் இருந்தது. ஒரு நாட்டின் முதலாவது வீரர் எவ்வளவு பெரியவர் என்பதை ஒற்றையர் போட்டி காட்டும். அவருக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை அணிப் போட்டிதான் காட்டும். இந்தியா 1974, 1982, 1986 ஆகிய ஆண்டுகளில் இதே போட்டியில் வெண்கலம் வாங்கியது. வெள்ளி கிடைக்க மேலும் 37 வருடம் சென்றது.

பின்னால் நிற்பவர்கள் யார்? யாரை ஒரு நாடு "நம் ஆள்" என்று எண்ணுகிறதோ அவர்கள். இந்தப் போட்டியின் வரலாறு முழுவதும் அந்தக் கேள்வி ஓடுகிறது.

ஆசிய விளையாட்டு விழாவில் பூப்பந்தாட்டம் முதன்முதலில் சேர்க்கப்பட்டது 1962இல், ஜகார்த்தாவில். அதற்கு முந்திய ஆண்டே அங்கே இஸ்டோரா என்ற பெரிய உள்ளக அரங்கைக் கட்டித் திறந்திருந்தார்கள். ஆண்கள் அணித் தங்கம் இந்தோனேசியாவுக்கு, வெள்ளி மலாயாவுக்கு. ஒற்றையரிலும் தங்கம் வென்றவர் தான் ஜோ ஹொக், சீன வம்சாவளியினர். நாடே கொண்டாடிய அந்த வீரர் பிற்காலத்தில் ஹேந்திரா கர்த்தநெகாரா என்று பெயரை மாற்றிக்கொண்டார். சீன வம்சாவளியினர் இந்தோனேசியப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நெருக்கடி 1960களில் வந்தது. பிரஜாவுரிமையை நிரூபிக்கும் கடிதத்தை அவர்களிடம் பல்லாண்டு காலம் கேட்டார்கள். பதக்கம் வென்றவர்களும் தப்பவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 1959இல் இந்தோனேசிய அரசு, வெளிநாட்டவர் என்று கணக்கிடப்பட்ட சீனர்கள் கிராமப்புறங்களில் சில்லறைக் கடை நடத்தக் கூடாது என்று ஒழுங்குவிதி கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து சுமார் ஒரு இலட்சம் பேர் கப்பலேறிச் சீனாவுக்குப் போனார்கள். செமராங்கில் பிறந்த ஹோ ஜியாசாங், லம்புங்கில் பிறந்த தாங் சியான்ஹு என்ற இரண்டு இளைஞர்களும் 1960 அளவில் அப்படித்தான் போனார்கள். சீனப் பூப்பந்தாட்டத்தை உயர்த்தியவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். 1974இல் தெஹ்ரானில் சீனா முதன்முறையாக ஆசிய விளையாட்டு விழாவுக்கு வந்தது. ஆண்கள் அணித் தங்கத்தைச் சீனா எடுத்தது, இந்தோனேசியாவுக்கு வெள்ளி. ஒற்றையர் தங்கம் ஹோ ஜியாசாங்குக்கு. பிறந்த மண் இழந்த பிள்ளை, வேறு கொடியின் கீழ் வந்து தங்கத்தை எடுத்துப் போனார்.

இதை வாசிக்கும் பதுளைக்காரருக்கு வேறொரு கப்பல் ஞாபகம் வரும்.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். டவுனில் கடை வைத்திருந்தோரிலும், சனத்தொகைக் கணக்கெடுப்பில் "இந்தியச் சோனகர்" என்று பதியப்பட்டவர்கள் இருந்தார்கள். ஜகார்த்தாவில் அணிகள் கொடி ஏந்தி நின்ற 1962இல், பசறையிலும் நமுனுகுலையிலும் அப்புத்தளையிலும் கொழுந்து எடுத்தவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு எந்தக் கொடியும் சொந்தமில்லை. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி ஒன்றரை இலட்சம் பேரை ஆளுக்குப் பாதியாக 1974 ஜனவரியில் பங்கிட்டார்கள். ஹோ ஜியாசாங் தெஹ்ரானில் வென்ற அதே ஆண்டு அது. நம் மக்கள் ரயிலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஏறினார்கள். நாடற்ற நிலை சட்டப்படி தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வர வேண்டியிருந்தது.

அப்படிப் போனவர்களில் எத்தனை ஆட்டக்காரர் இருந்தார்கள் என்று யார் எண்ணினார்கள்? தோட்டத்தில் அரங்கும் இல்லை, பயிற்றுவிப்பாளரும் இல்லை. எண்ணுவதற்கே வழி இருக்கவில்லை.

இலங்கை அணியின் கதைக்கு வருவோம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நிலுக்க கருணாரத்ன ஜப்பானின் முன்னணி வீரர் கெனிச்சி தாகோவை நேர் செட்களில் வீழ்த்தினார். நம் நாட்டில் ஒருவர் உயர முடியும் என்பதற்கு அது சான்று. 2019 டிசம்பரில் நேபாளத்தின் பொக்கராவில், தெற்காசிய விளையாட்டு விழா ஆண்கள் அணி இறுதிப் போட்டிக்கு இலங்கை வந்தது. நிலுக்கவின் சகோதரர் தினுக்க, உலகின் முதலிடத்தில் இருந்தவரான ஸ்ரீகாந்திடம் முதல் செட்டைப் பறித்தார். ஆனாலும் இந்தியா 3-1 என்று வென்றது. வெள்ளி சின்ன விஷயமில்லை, வாழ்த்துவோம். ஆனால் அங்கேயும் கணக்கு அதேதான்: பின்னால் எத்தனை பேர்?

பொக்கரா கடல் மட்டத்திலிருந்து 800 மீற்றருக்குச் சற்று மேலே. பதுளை டவுன் ஏறக்குறைய 680 மீற்றர். உயரம் கூடினால் காற்று மெலியும், இறகுப் பந்து வேகமாகப் பறக்கும். அந்தக் காற்று நம் பிள்ளைகளுக்குப் பழக்கமானது. பழக்கமில்லாதது கூரைதான். 5 கிராம் அளவுள்ள அந்தப் பந்தை வெளியில் வைத்து ஆட முடியாது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் வாசனையையும் உலகப் பெயரையும் தருகிறது. அதே காற்று லயத்து முற்றத்தில் கயிறு கட்டி ஆடும் பிள்ளையின் பந்தைத் தேயிலைக்குள் தூக்கிப் போடுகிறது. தோட்டத்துக்கு விலை தரும் காற்று, பிள்ளைக்கு ஆட்டத்தை மறுக்கிறது.

ஒரு பூப்பந்தாட்டக் களத்தின் அளவு 13.40 மீற்றர் நீளம், 6.10 மீற்றர் அகலம். காற்று புகாத சுவர், உயரமான கூரை, சமமான தரை, ஒரு வலை. ஜகார்த்தாவில் முதலில் அரங்கு வந்தது, அடுத்த வருடம் தங்கம் வந்தது. நாம் அவ்வளவு பெரிதாகக் கேட்கவில்லை. பூட்டிக் கிடக்கும் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளும், கூட்டம் இருந்தால் மட்டும் திறக்கும் மண்டபங்களும் நம் பக்கத்தில் உண்டு. பின்னேரம் இரண்டு மணி நேரம் திறந்து விட்டால் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே வலைக்கு இரண்டு பக்கமும் நிற்பார்கள்.

பிரஜாவுரிமை காகிதத்தில் கிடைத்துவிட்டது. அணியில் இடம் கிடைப்பது அதன் அடுத்த படி. உங்கள் தோட்டத்தில், உங்கள் பாடசாலைக்கு அருகில் அப்படி ஒரு கட்டடம் இருந்தால் இடத்தின் பெயரையும் சாவி யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் கீழே எழுதுங்கள். பட்டியல் போட்டுக்கொண்டு, பெற்றோரையும் கூட்டிப்போய் நாங்களே கேட்கிறோம்.