உச்சிக்குழியும் உப்புநீரும்

பச்சிளங்குழந்தைக்கு வயிற்றாலே போகத் தொடங்கினால், பொன்னமராவதி வட்டாரத்து மூதாட்டியர் உச்சிக்குழியைத் தடவிப் பார்ப்பர். குழி அமிழ்ந்திருந்தால் அவர்தம் முகம் வாடிவிடும். உடலில் நீர் வற்றியதன் அடையாளம் அது என்றே இன்றைய மருத்துவ நூல்களும் கூறுகின்றன. குறியை நாம் அறிந்திருந்தோம். காரணத்தை வேறெங்கோ தேடினோம். மாந்தம் என்றோம், தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிச் சென்றோம். வசம்பையும் மாசிக்காயையும் உரைத்துப் புகட்டினோம். (வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர், எத்துணை நம்பிக்கை!) இவற்றினும் கொடியது, உள்ளே போனால்தானே வெளியே போகும் என்று பாலையும் நீரையும் நிறுத்தியது. இதற்காகப் பாட்டிமாரை மட்டும் பழிப்பது முறையன்று. 'குடலுக்கு ஓய்வு' என்ற பெயரில் மேலை மருத்துவமும் நெடுங்காலம் குழந்தைகளைப் பட்டினி போட்டது.

இக்கருத்தை உடைத்தது ஓர் எளிய உண்மை. பேதியின்போதும், சர்க்கரை துணையிருந்தால் குடல் உப்பையும் அதனோடு நீரையும் ஈர்த்துக்கொள்ளும். சர்க்கரையும் சோடியமும் இணைந்தே குடற்சுவரைக் கடக்கின்றன என்பதை ராபர்ட் கிரேன் 1960இல் எடுத்துரைத்தார். ஆயினும் உலகை நம்பவைத்தது ஆய்வுக்கூடம் அன்று, அகதி முகாம்.

1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோரப் பன்காவில் காலரா பரவியது. நரம்புவழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா எனக் கலக்கச் செய்து, குழாய் பொருத்திய பீப்பாய்களில் நிரப்பினார். உறவினரே முகந்து புகட்டினர். முப்பது விழுக்காட்டளவு இருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. மக்கள் ஐயுறாதிருக்க, அதற்கு 'வாய்வழி சலைன்' என்று பெயரிட்டதை அவரது நுண்ணறிவுக்குச் சான்றாகவே கொள்கிறோம். மருத்துவ உலகம்தான் தயங்கியது. நூற்றாண்டின் தலையாய மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று 'லான்செட்' எழுத 1978 ஆயிற்று. மகலனாபிஸ் 2022இல் மறைந்தார். பத்ம விபூஷண் அடுத்த ஆண்டு வந்தது.

2002இல் உலக நலவாழ்வு நிறுவனம் கரைசலின் உப்பையும் சர்க்கரையையும் குறைத்தது. 2004இல் துத்தநாகம் சேர்ந்தது: ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், பத்து முதல் பதினான்கு நாள்கள். தாய்ப்பாலை நிறுத்தலாகாது, முன்னினும் அடிக்கடி கொடுக்க வேண்டும். கரைசலைக் கரண்டி கரண்டியாகப் புகட்ட வேண்டும். இரண்டு மாதம் நிறையாத குழந்தையாயின் வீட்டு வைத்தியத்தில் பொழுதைக் கழிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உச்சிக்குழி அமிழ்ந்திருந்தால் எவ்வயதினும் அவ்வாறே.

பேதிக்குப் பெருங்காரணமான ரோட்டா வைரசுக்குத் தில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்ட இந்தியச் சொட்டு மருந்தின் முடிவுகள் 2014இல் வெளியாயின. தமிழகத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து 2017இல் சேர்ந்தது. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் விலையின்றிக் கொடுக்கிறார்கள்.