சுணங்கிலிருந்து தேமலுக்கு

சங்கப் பாடல்களில் பெண்ணின் மார்பில் படரும் பொன்னிறப் புள்ளிகளுக்குச் சுணங்கு என்று பெயர். வேங்கைப் பூவின் நிறத்தை அதற்கு உவமையாகச் சொல்வது புலவர் மரபு. பிற்காலத்து உரையாசிரியர்கள் அச்சொல்லுக்குத் தேமல் என்று பொருள் எழுதினார்கள். அகராதிகளும் சுணங்கைத் தேமல் என்றும் தேமலைச் சுணங்கு என்றும் மாற்றி மாற்றிச் சொல்கின்றன. இன்றோ தேமல் என்றால் மருந்துக்கடையில் களிம்பு கேட்டு வாங்கும் விஷயம். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, பூஞ்சை நோயைத்தான் பழந்தமிழர் அழகென்று பாடிவிட்டார்கள் என்று முடிவு கட்டுவது எளிது. அந்த முடிவு தவறு என்பது என் கருத்து. தேமல் என்பது தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒரு தோற்றத்தின் பெயர். அதை ஒரு நோயின் பெயராக எடுத்துக்கொள்வதால் பழம்பாட்டையும் தவறாகப் படிக்கிறோம், இன்றைய தோலையும் தவறாகப் படிக்கிறோம்.

புலவர்கள் தோலைக் கவனித்த விதத்தை முதலில் பார்க்க வேண்டும். நிறமாற்றம் எல்லாவற்றையும் அவர்கள் ஒரே பெயரில் அடைக்கவில்லை. சுணங்கு மார்பில் தோன்றுவது, பருவம் வந்ததைக் காட்டுவது, விரும்பப்படுவது. திதலை பெரும்பாலும் இடைக்குக் கீழே சொல்லப்படுகிறது. நற்றிணைப் பாட்டொன்றில் மகனைப் பெற்ற தாயின் உடலில் அது வரிவரியாகக் கிடக்கிறது. இன்றைய மருத்துவர் அந்த இடத்தில் பேறுகாலத் தழும்பைத்தான் முதலில் நினைப்பார். பசலையோ பிரிவால் வருவது, மேனி முழுவதும் பரவுவது, அழகைக் கெடுப்பது. திருக்குறளில் அதற்குத் தனி அதிகாரமே உண்டு. குறுந்தொகையின் 399ஆம் பாட்டு பசலையைக் குளத்துப் பாசியோடு ஒப்பிடுகிறது: காதலன் தொடுந்தோறும் விலகி, விடுந்தோறும் பரவுகிறதாம். தோல்மருத்துவர் செம்படையின் மேல் கண்ணாடித் தகட்டை அழுத்தி, சிவப்பு மறைந்து திரும்புகிறதா என்று பார்ப்பது இதைப் படிக்கும்போது நினைவுக்கு வராமல் இருக்காது. மறைந்தால் ரத்தம் குழாய்க்குள் இருக்கிறது, மறையாவிட்டால் வெளியே கசிந்திருக்கிறது. புலவர் மருத்துவம் செய்யவில்லைதான். ஆனாலும் இடம், நிறம், பருவம், காரணம், தொட்டால் நடப்பது என்று குறி பார்த்துப் பெயர் பிரிக்கும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. அப்படிப் பிரித்து வைத்தவற்றை உரைகளும் அகராதிகளும் ஒரு சொல்லுக்குள் கொட்டியபோதுதான் குழப்பம் தொடங்கியது.

இன்று தேமல் என்ற பெயரைப் பெரும்பாலும் பெற்றிருக்கும் நோய்க்கு ஐரோப்பியர் வைத்த பெயர் வேறொரு குறியிலிருந்து பிறந்தது. லண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லன் தோல்நோய்களை வகைப்படுத்தியபோது இதைப் பிட்டிரியாசிஸ் வெர்சிகலர் என்றார். பிட்டிரான் என்பது கிரேக்கத்தில் தவிடு. வெர்சிகலர் என்றால் நிறம் மாறுவது. பெயரின் ஒரு பாதி கண்ணுக்கும் மறுபாதி விரலுக்கும் உரியது. 1846இல் ஜெர்மானியரான ஐக்ஷ்டெட் அந்தச் செதிலில் பூஞ்சையைக் கண்டார். இன்று அதன் பெயர் மலசீசியா. பாரிஸின் பெஸ்னியே சொன்ன சோதனைக்கோ கருவியே வேண்டாம். புள்ளியை நகத்தால் மெல்லச் சுரண்டினால், வழவழப்பாகத் தெரிந்த தோலிலிருந்து தவிட்டுத் தூள் போல நுண்செதில் எழும். எழுந்தால் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தூளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் நனைத்து நுண்ணோக்கியில் வைத்தால் குறுகிய இழைகளும் உருண்டை வித்துகளும் கலந்து தெரியும். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1903இல் செய்த வடிகட்டியிலிருந்து வந்த புற ஊதா விளக்கை இருட்டறையில் காட்டினால் பல நோயாளிகளிடம் புள்ளிகள் பொன்மஞ்சளாக ஒளிர்கின்றன. எல்லோரிடமும் ஒளிர்வதில்லை. பூசிய களிம்பும் சோப்பும்கூட ஒளிர்ந்து ஏமாற்றுவதுண்டு.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். மலசீசியா எண்ணெய்ச்சுரப்பு மிகுந்த மார்பையும் மேல்முதுகையும்தான் நாடுகிறது. பருவ வயதில் அந்தச் சுரப்பு கூடுவதால் நோயும் அப்போதுதான் மிகுதி. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாடு அதற்கு உகந்தது. சுணங்குக்குப் புலவர் சொன்ன இடமும் வயதும் நாடும் அப்படியே பொருந்துகின்றனவே, பிறகென்ன ஐயம் என்று கேட்கலாம். பொருத்தம் உண்மைதான். பாடப்பட்ட சில மார்புகளில் இருந்தது இந்தப் பூஞ்சையே ஆகலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இடமும் வயதும் ஐயத்தை எழுப்பும் குறிகள். நோயை உறுதி செய்யும் குறி செதில். எனக்குத் தெரிந்த சுணங்குப் பாட்டு எதிலும் உதிரும் தோலோ அரிப்போ இல்லை. நிறத்தைத் துணைக்கு அழைத்தாலும் பயனில்லை. இந்நோய் வெளுத்த தோலில் பழுப்பாகவோ செம்மையாகவோ தெரியும், கருத்த தோலில் பெரும்பாலும் வெளிறித் தெரியும். பொன்னிறம் என்பது மாமை நிற மேனியின் மேல் புலவர் விரும்பிக் கண்ட நிறம். அதை மருத்துவக் குறிப்பேடாகப் படித்தால் ஆண்களின் மார்பு ஏன் விட்டுப்போனது என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. இந்நோய் ஆணுக்கும் வருகிறது, சுணங்கோ பாட்டில் பெண்ணுக்கு மட்டுமே.

பழம்பாட்டில் இந்தக் குழப்பம் யாருக்கும் தீங்கு செய்யாது. இன்றைய வழக்கில் செய்யும். குழந்தையின் கன்னத்தில் மங்கலான வெளிர்ப்படை தெரிந்தால் 'அழகுத் தேமல்' என்கிறோம், வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுக்கிறோம். பெரும்பாலும் அது வறண்ட தோலில் வரும் பிட்டிரியாசிஸ் ஆல்பா. பூஞ்சைக்கும் அதற்கும் தொடர்பில்லை, குடற்புழுவுக்கும் இல்லை. சுண்ணாம்பு வெள்ளையாக விரியத் தொடங்கும் வெண்புள்ளியையும் முதலில் தேமல் என்றே சொல்வார்கள். வுட் விளக்கில் அது நீலம் கலந்த வெண்மையாகப் பளிச்சிடும். எல்லாவற்றையும்விடக் கவலை தருவது தொழுநோயின் முதற்படை. அதுவும் வெளிறியது, அதுவும் அரிக்காது, வலிக்காது. அங்கே நகத்தால் சுரண்டுவது போதாது. நோயாளியைக் கண்மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் படையைத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வார்கள். உணர்வு குறைந்திருந்தால் அது தொழுநோயின் முதன்மைக் குறி. முழங்கையின் பின்புற நரம்பு தடித்திருக்கிறதா என்றும் தடவிப் பார்ப்பார்கள். முகத்தில் நரம்புகள் செறிந்திருப்பதால் அங்கே உணர்விழப்பு சட்டென்று பிடிபடாது. பூஞ்சை நோயோடு சேர்த்து இந்த நான்கையும் ஒரே சொல் மூடிக்கொண்டிருக்கும்போது, பூஞ்சைக் களிம்பு பூசிக்கொண்டே மாதங்கள் கழிய, நரம்பு பழுதாகிக்கொண்டிருக்கலாம்.

அப்படியானால் தேமல் என்ற சொல்லையே மருத்துவத்திலிருந்து விலக்கிவிடலாமே என்பது அடுத்த மறுப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இதற்கு எதிர்த்திசையில் நடந்ததைப் பாருங்கள். நிறமிச் செல்கள் அழிவதால் வரும், தொற்றாத, உணர்வு குன்றாத ஒரு நிலைக்கு வெண்குட்டம் என்று பெயர் வைத்தோம். குட்டம் என்ற பின்னொட்டு தொழுநோயின் அச்சம் முழுவதையும் இழுத்து வந்தது. எத்தனையோ பெண்களின் திருமணம் அந்த ஒரு பெயரால் தடைபட்டிருக்கிறது. வெண்புள்ளி என்று மாற்றிச் சொல்லப் பாடுபட்டவர்கள் ஒரு பெயர் செய்த கேட்டைப் பெயராலேயே குறைக்க முயன்றார்கள். தேமல் என்ற சொல்லில் அந்தக் கறை இல்லை. அழகென்று கருதிய காலத்தின் மென்மை இன்னும் அதில் ஒட்டியிருப்பதால்தான் மக்கள் கூசாமல் சட்டையைக் கழற்றிக் காட்டுகிறார்கள். நோயாளி சொல்லும் தேமலை முறையீடாக ஏற்றுக்கொண்டு, அதற்குப் பிறகு சுரண்டியும் தொட்டும் விளக்கடித்தும் பார்ப்பது மருத்துவர் வேலை. சீட்டில் எழுதும் பெயர் அந்தக் குறிகளிலிருந்து வர வேண்டும்.

சொல்லுக்கும் நோய்க்கும் உள்ள இடைவெளி மிகத் தெளிவாகத் தெரிவது சிகிச்சைக்குப் பிறகு. மலசீசியா உண்டாக்கும் சில பொருள்கள், அவற்றுள் அசெலாயிக் அமிலம் ஒன்று, தோலின் நிறமி உருவாவதைத் தடுக்கின்றன என்று விளக்கப்படுகிறது. மருந்தால் பூஞ்சை ஒடுங்கிய பிறகும் நிறமி திரும்ப மாதக்கணக்கில் ஆகும். 'தேமல் போகவில்லை' என்று நோயாளி திரும்பி வருகிறார். அவர் சொல்வது சரிதான், நிறம் போகவில்லை. மருத்துவர் சுரண்டிப் பார்க்கிறார், தூள் எழவில்லை. நோய் தீர்ந்தது என்று அவர் சொல்வதும் சரிதான். இதை விளங்கச் சொல்லாமல் அனுப்பினால் நோயாளி வேறொரு கடைக்குப் போய், சாயம்போன தோலின் மேல் தேவையில்லாத ஸ்டீராய்டு களிம்பைப் பூசத் தொடங்குகிறார்.