கோசி நதி மீனும் நம்மூர்க் கண்ணாடித் தொட்டியும்

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வாடகை வீடுகள் பெருகியதோடு, அந்த வீடுகளுக்குள் மீன் தொட்டிகளும் பெருகிவிட்டன. டி.வி.க்குப் பக்கத்தில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, அதில் பச்சை விளக்கு, குமிழ் விடும் மோட்டார். உள்ளே விரல் நீளம்கூட இல்லாத மீன்கள், உடம்பில் நீலக்கோடு ஓட, கும்பலாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருக்கும். கடைக்காரரைக் கேட்டால் "ஜீப்ரா சார்" என்பார். விலையும் மலிவு, சீக்கிரம் சாகாது.

இந்த மீனை உலகத்துக்கு எழுதிக் காட்டிய மனிதர், 1800-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத வெயிலில் நம் ஸ்ரீபெரும்புதூர் வழியாகத்தான் போனார். அவரைப் பற்றியும், அவர் பெயரிட்ட மீன் நம் வீட்டுக்குள் வந்து சேர்ந்த வழியைப் பற்றியும் இன்று எழுதலாம் என்றிருக்கிறேன்.

அவர் பெயர் பிரான்சிஸ் புக்கானன். ஸ்காட்லாந்துக்காரர், 1762-இல் பிறந்தவர், எடின்பரோவில் மருத்துவம் படித்து 1794-இல் கம்பெனியின் வங்காள மருத்துவப் பணியில் சேர்ந்தவர். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு சுல்தான் மாண்டார். கைக்கு வந்த நாட்டில் என்ன விளைகிறது, யார் என்ன தொழில் செய்கிறார்கள், நிலம் எப்படி, நீர் எப்படி என்று பார்த்து அறிக்கை தரும்படி கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி இவருக்கு உத்தரவிட்டார். 1800 ஏப்ரல் 23 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டார். அந்தப் பயணக் குறிப்புகள் 1807-இல் லண்டனில் மூன்று பெரிய பாகங்களாக அச்சாயின.

புறப்பட்ட ஓரிரு நாளிலேயே செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்து வியந்து எழுதுகிறார். வங்காளத்தில் குளம் என்றால் தோண்டியது. இங்கேயோ இயற்கையான பள்ளத்தின் வாயில் கரை கட்டி நீரைத் தேக்கியிருக்கிறார்கள் என்கிறார். ஏழெட்டு மைல் நீளம், மூன்று மைல் அகலம், மழை பொய்த்தாலும் 32 கிராமங்களுக்குப் பதினெட்டு மாதம் நீர் தரும் என்று கேட்டறிந்து குறித்துக்கொண்டார். அடுத்து ஸ்ரீபெரும்புதூர். அது ராமானுஜர் பிறந்த ஊர் என்பதை மறக்காமல் எழுதிவிட்டு, காஞ்சிபுரம் நோக்கிப் போய்விட்டார். நாற்பது வருஷம் அரசாங்கக் காகிதங்களோடு வாழ்ந்த எனக்கு அவருடைய இந்தக் குணம் பிடிக்கும். கேட்டதை உடனே எழுதுவார், அளவோடு எழுதுவார், ஊர்க்காரன் சொன்ன சொல்லை விடமாட்டார்.

அந்தக் கடைசிக் குணத்தால்தான் மீன்களுக்கு நல்ல பெயர்கள் கிடைத்தன. மைசூர்ப் பயணம் முடிந்து நேபாளம் போனார். பிறகு 1807 முதல் 1814 வரை வங்காள மாகாணத்தில் மாவட்டம் மாவட்டமாக அலைந்து ஆய்வு செய்தார். போன இடமெல்லாம் மீனவர்களிடம் மீன் வாங்கி, அவர்கள் சொன்ன பெயரைக் கேட்டு, ஓவியரை வைத்து வரையச் சொன்னார். இப்படிச் சேர்த்ததை 1822-இல் எடின்பரோவில் கங்கை மீன்கள் பற்றிய நூலாக வெளியிட்டார். அதற்குள் தாய்வழிச் சொத்து வந்து, தன் பெயரையும் ஹாமில்டன் என்று மாற்றிக்கொண்டிருந்தார். அதனால்தான் நம் ஏரிக் குத்தகைக்காரர்கள் குஞ்சு விடும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் அறிவியல் பெயருக்குப் பின்னால் 'ஹாமில்டன், 1822' என்று போடுகிறார்கள். அந்த அறிவியல் பெயர்களும் கட்லா, ரோகிதா, மிர்கலா என்று நாட்டுப் பெயர்களே. கெண்டைப்பொடி என்று நாம் ஒதுக்கும் சிறுமீன்களின் குடும்பத்துக்கு வைத்த 'புண்டியஸ்' என்ற பெயரும் வங்காளிகளின் 'புண்டி' மீனிலிருந்து வந்ததுதான்.

நம் தொட்டி மீனும் அதே புத்தகத்தில் இருக்கிறது. கோசி நதியில் கிடைத்தது. நேபாள மலையிலிருந்து இறங்கி பீகாரில் கங்கையில் கலக்கும் நதி அது. இந்த இனத்துக்கு 'டேனியோ' என்று பெயர் வைத்தார். நெல்வயலைக் குறிக்கும் வங்காளச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்று சொல்வார்கள். பொருத்தமான பெயர்தான், தேங்கிய வாய்க்காலிலும் வயல் ஓரத் தண்ணீரிலும் கூட்டமாகத் திரியும் மீன் இது. வலையில் விழுந்தால் கறிக்கும் ஆகாது என்று உதறிவிடக்கூடிய அளவு.

புக்கானனுக்கு ஒரு வருத்தமும் நேர்ந்தது. 1815-இல் ஊர் திரும்பும்போது, பல ஆண்டுகள் வரைந்து சேர்த்த ஓவியங்களைக் கொண்டுபோக விடாமல் கவர்னர் ஜெனரல் தடுத்துவிட்டார். அரசுப் பணியில் வரைந்தது அரசுக்கே சொந்தம் என்ற நியாயம். சில படங்களை மட்டும் வைத்துக்கொண்டு புத்தகத்தை முடித்தார். கோப்பு ஓரிடத்தில், அதை எழுதியவர் வேறிடத்தில். அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதுக்கதை அல்ல.

புத்தகத்தில் இருந்த மீன் தொட்டிக்குள் வரவேண்டுமானால் முதலில் தொட்டி வேண்டுமே. அந்தக் கதையில் பிரெஞ்சுக்காரர்கள் வருகிறார்கள். நான் சிறுவயதில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் கூடுதல் ஆசை. ழான் வில்ப்ரூ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி சிசிலித் தீவின் மெசினாவில் வாழ்ந்தவர். கடல் உயிர்களை உயிரோடு வைத்துப் பார்க்க 1832-இல் கண்ணாடித் தொட்டி செய்தார். 1869-இல் பாரிஸ் நகரத்து பியேர் கார்போனியே சீனாவிலிருந்து வந்த சொர்க்க மீனைத் தொட்டியில் குஞ்சு பொரிக்கவைத்தார். அந்த மீன் மேலே வந்து காற்றை விழுங்கக்கூடியது. அதனால்தான் நீண்ட கப்பல் பயணத்தில் பிழைத்தது. அதுவரை வீட்டு மீன் என்றால் பெரும்பாலும் தங்க மீன்தான். வெப்ப நாட்டு மீனையும் குளிர் நாட்டு வீட்டில் வளர்க்கலாம் என்ற தைரியம் அதற்குப் பின் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் கோசி மீனும் ஐரோப்பியத் தொட்டிகளில் நீந்தத் தொடங்கிவிட்டது. உடம்புக் கோட்டைப் பார்த்து வரிக்குதிரை மீன் என்றார்கள்.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில். ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் என்ற ஹங்கேரிநாட்டு விஞ்ஞானி, முதுகெலும்புள்ள உயிர்களின் மரபைப் படிக்க எளிய பிராணி ஒன்றைத் தேடினார். வண்ணமீன் வளர்ப்பவர்களுக்குப் பழகிய இந்த மீனைத் தேர்ந்தெடுத்தார். முட்டை தாய் வயிற்றுக்கு வெளியே வளர்கிறது, கண்ணாடிபோல் தெளிவாகவும் இருக்கிறது. ஒரு நாளுக்குள் இதயம் துடிக்கத் தொடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு மூன்று நாளில் குஞ்சு வெளியே வந்துவிடும். 1981-இல் அவருடைய கட்டுரை வந்தபின் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் இந்த மீனுக்கு இடம் கிடைத்தது. 2013-இல் இதன் முழு மரபணுத் தொகுதியும் வெளியானது. மனிதனின் மரபணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு இந்தச் சிறுமீனிடம் இணை இருக்கிறது என்று கண்டார்கள். வயல் ஓரத்து மீனிடம் இன்று இதய நோயையும் புற்றுநோயையும் படிக்கிறார்கள்.

நம் மீன் அந்தப் பக்கம் போனது போல, அங்கிருந்து ஒரு மீன் இந்தப் பக்கம் வந்தது. கடையில் 'நியான்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். 1930-களில் அமேசான் காட்டில் ஒகுஸ்த் ரபோ என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். முதலில் பாரிஸ் போய், அங்கிருந்து ஜெர்மனி வழியாக 1936-இல் ஹிண்டன்பர்க் என்ற வான்கப்பலில் ஏறி அமெரிக்கா சேர்ந்தது. அதே வான்கப்பல்தான் மறு ஆண்டு மே மாதம் தீப்பிடித்து எரிந்தது. நியான் மீனின் நீலம் சாயம் அல்ல. தோலுக்குள் அடுக்கியிருக்கும் நுண்ணிய படிகங்களில் ஒளி பட்டுத் திரும்பும் நிறம். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள், நிறம் வெளுத்திருக்கும்.

போன மீனும் வந்த மீனும் சந்திக்கும் இடம் நமக்கு அருகில்தான் இருக்கிறது. சென்னைக் கொளத்தூர். பெயரிலேயே குளம் ஒலிக்கும் ஊர், இன்று நாட்டின் பெரிய வண்ணமீன் சந்தைகளில் ஒன்று. சுற்றுவட்டாரத்தில் சிமெண்டுத் தொட்டிகளிலும் மண்குளங்களிலும் குஞ்சு பொரித்து, பாலித்தீன் பையில் ஆக்சிஜன் அடைத்துக் கொண்டுவருகிறார்கள். வீட்டு மாடியில் தொட்டி வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் அங்கே உண்டு.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இவை தனி மீன்கள் அல்ல. நியானோ ஜீப்ராவோ ஒன்றிரண்டு மட்டும் வாங்கி விட்டால் மூலையில் ஒதுங்கும், சாப்பிடாது, அல்லது மற்ற மீனின் செதிலைக் கடிக்கும். ஒரே இனத்தில் ஆறுக்குக் குறையாமல் விடவேண்டும். பத்து இருந்தால் இன்னும் நல்லது. மீன் கூட்டத்தை ஆங்கிலத்தில் 'ஸ்கூல்' என்பார்கள். படிக்கிற ஸ்கூலுக்கும் அதற்கும் உறவில்லை, டச்சு மொழியில் கும்பலுக்கு வழங்கும் சொல் அது. பிரெஞ்சில் 'பான்' என்போம். அது நிஜமாகவே பெஞ்சுதான், நாங்கள் வகுப்பில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்த அதே பெஞ்சு. பக்கத்தில் இருப்பவன் எப்படித் திரும்புகிறான் என்பதைக் கண்ணாலும், விலாவில் ஓடும் உணர்வுக்கோட்டாலும் இந்த மீன்கள் அறிகின்றன. பத்தும் சேர்ந்து திரும்பும்போது, பிடிக்க வரும் பெரிய மீனுக்கு எதைப் பிடிப்பது என்று புரியாமல் போகிறது.

2004-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை என் மனதில் நிற்கிறது. கோடுள்ள ஜீப்ரா மீன்களையும், கோடு இல்லாத வகையையும் கலந்து வளர்த்தார்கள். பெரிதான பின், ஒவ்வொரு மீனும் தன் உடம்பு எப்படி இருந்தாலும், சிறுவயதில் எவற்றோடு வளர்ந்ததோ அவற்றின் பக்கமே போய்ச் சேர்ந்தது. இனம் என்பது பிறப்பு மட்டுமல்ல, கூட வளர்ந்த பழக்கமும்தான்.

தொட்டி வைப்பதும் பெரிய வித்தை அல்ல. நம் பக்கத்து போர் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது. ஜீப்ரா அதைத் தாங்கும், நியானுக்கு ஆகாது. அது மென்மையான தண்ணீரில் பிறந்த இனம். குழாய்த் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். தொட்டியை நிறைத்த அன்றே மீனைக் கொட்டாதீர்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை உடைக்கும் நல்ல கிருமிகள் வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். பிறகு வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். மேலே மூடி வேண்டும். ஜீப்ரா துள்ளிக் குதிக்கும்.

இன்னொன்றையும் கட்டாயம் கேட்டுக்கொள்கிறேன். வீடு மாற்றும்போது தொட்டி மீனை ஏரியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், அது புண்ணியம் அல்ல. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கும் தென்னமெரிக்க சக்கர் மீன், இப்படி வெளியே விடப்பட்டு நம் நீர்நிலைகளில் பெருகிவிட்டது. வலையைக் கிழிக்கிறது, வலைக்காரருக்கு விற்கவும் ஆவதில்லை. நம் கெண்டைப்பொடிகளின் இடத்தையும் உணவையும் பிடித்துக்கொள்கிறது. வேண்டாத மீனைக் கடையிலோ தெரிந்தவரிடமோ திருப்பிக் கொடுத்துவிடலாம்.

புக்கானன் பார்த்த ஏரி இன்றும் சென்னைக்குக் குடிநீர் தருகிறது. சுற்றிலும் கார்க் கம்பெனிகளும் செல்போன் கம்பெனிகளும் வந்துவிட்டன. அவற்றில் வேலை செய்ய பீகாரிலிருந்து, கோசி பாயும் மாவட்டங்களிலிருந்தும்கூட, இளைஞர்கள் வந்து ஓர் அறையில் ஆறேழு பேராகத் தங்கியிருக்கிறார்கள். உங்கள் மாடியில் அப்படி ஒரு பையன் குடியிருந்தால், தொட்டியைக் காட்டி இந்த மீனை அவன் ஊரில் என்ன பெயர் சொல்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சொன்னால் எழுதி வையுங்கள். அன்று அந்த வெள்ளைக்காரர் செய்ததும் அவ்வளவுதான்.